கலப்பதும் விலக்குவதும்: மெக்னீசிய உலோகக்கலவைகளின் அரிமானத் தடுப்பு வரலாறும் சேலத்து வெள்ளைக்கல்லும்

முன்னுரை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டி அமைந்துள்ள திருப்புட்குழி நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. சடாயு என்னும் புள்ளுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடமாதலின் இப்பெயர் பெற்றது எனத் தலவரலாறு கூறும். விசயராகவப் பெருமாள் கோயிலாலும், காஞ்சி வட்டாரத்துக்கே உரிய பட்டு நெசவாலும் அறியப்படும் இவ்வூரில், உலோக வரலாற்றை ஆராய்வோர் கருத்தில் கொள்ளத்தக்க பொருள்கள் இரண்டு உள்ளன. ஒன்று தறியில் ஓடும் சரிகை. மற்றொன்று திருவுலாவில் எழுந்தருளும் உலோகத் திருமேனி.

சரிகை என்பது பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன்முலாம் பூசியது. வெள்ளியோடு செம்பும் கலந்திருப்பதால் முலாம் தேய்ந்த இடத்தில் சரிகை கறுக்கும். அங்கே உலோகத்தைக் காப்பது மேற்பூச்சு. திருமேனியின் நிலை வேறு. ஐம்பொன் என மரபு கூறினும் வேதிப் பகுப்பாய்வில் பெரும்பகுதி செம்பும், அதனுடன் வெள்ளீயமும் காரீயமுமே காணப்படுகின்றன. அதன் மேனியில் படரும் பச்சை அல்லது பழுப்புப் படலம், உவர்மண்ணின் குளோரைடு ஊடுருவாத வரையில், உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. அங்கே காப்பது கலவையும் அது தானே ஈன்ற படலமும் ஆகும்.

பூசுதல், கலத்தல் என்னும் இவ்விரு வழிகளும் பெரும்பாலான உலோகங்களுக்குப் பொருந்தி வந்துள்ளன. இவை இரண்டுக்கும் எளிதில் இணங்காத உலோகம் மெக்னீசியம். அதனை அரிமானத்திலிருந்து காக்க நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்ற முயற்சிகள் நூல்களில் 'எதைச் சேர்த்தார்கள்' என்ற வரிசையிலேயே எழுதப்பட்டு வருகின்றன. அவ்வரலாற்றை உற்றுநோக்கின், வெற்றி பெற்ற சேர்க்கைகளுள் பெரும்பாலானவை வேறொன்றை வெளியேற்றுவதற்காகவே சேர்க்கப்பட்டவை என்பது புலனாகும். வெளியேற்றப்பட்ட அப்பொருள் இரும்பு. மெக்னீசியத் தாதுவும் இரும்புத் தாதுவும் அருகருகே கிடைக்கும் சேலத்து நிலத்தையும், காரைக்குடி ஆய்வுக்கூடத்தையும் உடன்வைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றை ஆராய்கிறது.

களிம்பும் அரிமானமும்

செம்பில் களிம்பு பிறவியிலேயே உடனிருப்பது என்பது சைவ சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்துக்கு வழக்கமாகக் காட்டும் உவமை. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பு தோன்றிய அன்றே தோன்றியது என்பது அவ்வுவமையின் உட்பொருள். இன்றைய வேதியியல் இதனைச் செம்பின் வகையில் ஏற்காது. காற்றும் ஈரமும் கூடியே களிம்பு விளைகிறது. ஆயினும் மெக்னீசியத்துக்கு அவ்வுவமை வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. மெக்னீசியத்தை விரைந்து அழிப்பது அது பிறந்த கலத்திலேயே அதனுள் புகுந்துவிட்ட மாசு.

மெக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம். அலுமினியம் 2.70, இரும்பு 7.87. பொறியியலார் இதனை நாடுவதற்கு இந்த எண்களே போதுமான காரணம். நாடியவர் அஞ்சுவதற்குரிய எண்ணும் ஒன்று உண்டு. அதன் திட்ட மின்முனை அழுத்தம் -2.37 வோல்ட். கட்டுமானப் பணிக்குப் பயன்படும் உலோகங்களுள் இவ்வளவு எளிதில் எலக்ட்ரானை இழப்பது வேறில்லை. இரும்போ செம்போ நிக்கலோ அதனைத் தொட்டு, இடையே ஈரமும் இருப்பின், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி மெக்னீசியம் கரையும்.

அலுமினியமும் எளிதில் வினைபுரியும் உலோகமே. எனினும் அதன் ஆக்சைடு இடைவெளியின்றி மேனியை மூடிவிடுகிறது. மெக்னீசிய ஆக்சைடின் கன அளவோ தான் தோன்றிய உலோகத்தின் கன அளவில் ஏறத்தாழ 0.81 பங்கே. குட்டையான போர்வை போல அது உடலை முழுதும் மூடாது. நீர்பட்ட இடத்தில் விளையும் ஹைட்ராக்சைடுப் படலமும் கார நீரில் நிலைத்து, நடுநிலையிலும் அமிலத்திலும் கரைகிறது. உப்புநீரின் குளோரைடு அதனைத் துளைக்கிறது. கரையும்போது ஹைட்ரஜன் குமிழிகள் வெளிவருகின்றன. படலத்தை நம்பமுடியாத இவ்வுலோகத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்பதே வாழ்நாளைத் தீர்மானிக்கிறது.

தமிழர் வீடுகளில் எவர்சில்வர் எனப் பெயர்பெற்ற துருவா எஃகுடன் இதனை ஒப்பிடலாம். இரும்பில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால் அது தன் ஆக்சைடால் மேனியை மூடிக்கொள்கிறது. கீறினாலும் தானே ஆறுகிறது. 'சேர்த்தால் துரு நீங்கும்' என்னும் பொதுக் கருத்து வேரூன்றியதில் இந்த எஃகுக்குப் பெரும்பங்கு உண்டு. மெக்னீசியத்தில் குரோமியம் கரைவதே இல்லை எனலாம்.

வெள்ளைக்கல்லும் கஞ்சமலையும்

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் பரவிக் கிடக்கும் தாழ்ந்த குன்றுகளை ஆங்கிலேயர் சுண்ணக் குன்றுகள் என்னும் பொருள்பட 'சாக் ஹில்ஸ்' என்றனர். அங்கே சாக்குக்கட்டிப் பாறை எதுவும் இல்லை. வெண்ணிறத்தால் விளைந்த பிழைப்பெயர் அது. ஊர்மக்கள் வழங்கும் வெள்ளைக்கல் என்ற பெயரே பிழையற்றது. அக்கல் மெக்னசைட்டு, அதாவது மெக்னீசியக் கார்பனேட்டு. இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த கிங்கும் ஃபுட்டும் 1864-இல் வெளியிட்ட அறிக்கையில் இப்பகுதியின் அமைப்பை விளக்கினர். 1896-இல் மிடில்மிஸ் இக்குன்றுகளின் பாறைகளையும் அவற்றிலிருந்து விளைந்த கனிமங்களையும் பற்றித் தனிக்குறிப்பு எழுதினார்.

வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடுவது டியூனைட்டு என்னும் கரும்பச்சைப் பாறையில். அப்பாறையின் முதன்மைக் கனிமம் ஒலிவின். ஒலிவினில் மெக்னீசியமும் இரும்பும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமரக்கூடியவை. கரியமில வாயு கலந்த நீர் அப்பாறையில் ஊறியபோது மெக்னீசியம் பிரிந்து வெண்ணரம்பாகப் படிந்தது. இரும்பின் பெரும்பகுதி சிதைந்த பாறையில் செம்மை ஏறி நின்றது. மெக்னீசியத்தையும் இரும்பையும் பிரிக்கும் வேலையை நிலமே ஒருமுறை செய்து முடித்திருக்கிறது என்று கொள்ளலாம். உலோகவியலார் அதே வேலையை மீண்டும் செய்ய நேர்ந்தது.

சேலத்தின் மறுபக்கத்தில், தென்மேற்கே, கஞ்சமலை. மேக்னடைட்டு இரும்புத் தாது நிறைந்த மலை அது. இதன் அடிவாரத்தில்தான் இந்திய எஃகு ஆணையத்தின் சேலம் உருக்காலை 1981 முதல் துருவா எஃகுத் தகடுகளை உருட்டி வருகிறது. ஒரே நகரின் ஒருபுறம் எவர்சில்வர். மறுபுறம் எவர்சில்வரின் வழியில் காக்கமுடியாத உலோகத்தின் தாது.

ஹீத்தும் மாங்கனீசும்

கஞ்சமலைத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர் சோசையா மார்சல் ஹீத்து. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றி, அதனை விடுத்து, 1830-களில் மேலைநாட்டு முறையில் இரும்பு வார்க்க முனைந்தவர். ஆலை இழப்பிலேயே நடந்தது. தமிழகத்தின் தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அத்தோல்வியோடு ஹீத்தை விட்டுவிடுகின்றனர்.

ஹீத்து இங்கிலாந்து திரும்பி 1839-இல் பெற்ற காப்புரிமை உலோகக்கலவை வரலாற்றில் முதன்மையான ஒன்று. மூசையில் எஃகு உருக்கும்போது மாங்கனீசுக் கார்பைடு சிறிதளவு சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் பற்றவைக்கத்தக்க நல்ல எஃகு கிடைக்கும் என்பது அவர் கண்டது. ஷெஃபீல்டு உற்பத்தியாளர் பயன்பெற்றனர். அவருக்கோ நீண்ட வழக்கே மிஞ்சியது. கார்பைடைத் தனியே செய்து இடாமல், மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் மூசையிலேயே இட்டால் காப்புரிமைக்கு உட்படாது என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். 1855-இல் பிரபுக்கள் அவை ஹீத்து தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது அவர் உயிருடன் இல்லை.

மாங்கனீசு அங்கே என்ன செய்தது என்பதை அன்று எவரும் முழுமையாக அறிந்திருக்கவில்லை. இன்றைய விளக்கம் இது: எஃகில் இருக்கும் கந்தகம் இரும்புடன் சேர்ந்தால் தாழ்வெப்பத்தில் உருகும் படலமாகி, காய்ச்சி அடிக்கும்போது எஃகை வெடிக்கச் செய்யும், மாங்கனீசு அக்கந்தகத்தைத் தன்பால் ஈர்த்துக் கேடற்ற துகள்களாக ஒடுக்குகிறது. உயிர்வளியையும் அகற்றுகிறது. அதாவது மாங்கனீசு எஃகின் குற்றத்தைக் கட்டியது. இரும்பில் மாங்கனீசு ஆற்றிய இதே பணியை, ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின், மெக்னீசியத்தில் அது இரும்புக்கு எதிராகவே ஆற்ற வேண்டியதாயிற்று. ஹீத்தின் கண்டுபிடிப்பு நேரே மெக்னீசியத்துக்கு வழிகாட்டியது எனக் கூறச் சான்றில்லை. ஒரே உத்தி இருவேறு இடங்களில் பயன்பட்டது என்பதே கருதத்தக்கது.

இரும்பு மூசை

டேவி 1808-இல் மெக்னீசியத்தைத் தனித்து அறிந்தார். ஃபாரடே 1833-இல் உருகிய குளோரைடை மின்பகுத்தும், புன்சன் 1852-இல் அதற்கென மின்கலம் அமைத்தும் வழிவகுத்தனர். 1886-இல் செருமனியில் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. 1909-இல் ஃபிராங்ஃபர்ட்டு வானூர்திக் கண்காட்சியில் கிரீசைம் நிறுவனம் 'எலெக்ட்ரான்' என்ற பெயரில் மெக்னீசியக் கலவைகளைக் காட்சிக்கு வைத்தது. அலுமினியமும் துத்தநாகமும் சேர்ந்த இக்கலவைகள் வலிமையில் குறைவற்றவை. ஈரக்காற்றிலும் கடற்காற்றிலும் அவை நம்பத்தகாதவை என்ற பெயரும் விரைவில் பரவியது.

இங்கே விந்தை என்னவெனில், ஒரே செய்முறையில் வார்த்த இரு துண்டுகளுள் ஒன்று ஆண்டுக்கணக்கில் நிற்கும், மற்றொன்று சில வாரங்களில் பொடியும். கலவை விகிதம் ஒன்றே. அலுமினியத்தைக் கூட்டியும் குறைத்தும் நடைபெற்ற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன.

காரணம் மூசையில் இருந்தது. மெக்னீசியம் 650 பாகை செல்சியசில் உருகும். உருகிய மெக்னீசியம் மண், கல் மூசைகளின் ஆக்சைடுகளைத் தாக்கும். இரும்போடு மட்டும் அது கலக்க விரும்புவதில்லை. இரண்டும் எண்ணெயும் நீரும் போன்றவை. எனவே இரும்பு மூசையே அதனை ஏந்தத் தக்கது எனத் தொழிலாளர் கண்டனர். அவர்கள் கண்டது சரியே. ஆயினும் 'கலக்க விரும்புவதில்லை' என்பது 'சிறிதும் கலக்காது' என்பதாகாது. உருகிய நிலையில் மூசைச் சுவரிலிருந்து நூற்றில் சில நூறில் ஒரு பங்கு இரும்பு கரையும். உலோகம் உறையும்போது அவ்விரும்பு கரைந்திருக்க இடமின்றி நுண்துகள்களாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு துகளும் ஹைட்ரஜன் எளிதில் வெளிப்படும் எதிர்மின்வாய். சுற்றியுள்ள மெக்னீசியம் கரைந்துகொண்டே இருக்கும். உருக்கிய வெப்பமும் மூசையில் கிடந்த நேரமும் வேறுபட்டால் இரும்பின் அளவும் வேறுபடும். முரண்பட்ட முடிவுகளுக்குக் காரணம் இதுவே.

மாங்கனீசு சேர்த்தால் உப்புநீரில் மெக்னீசியம் நிலைக்கிறது என்பது 1920-களில் அனுபவமாக அறியப்பட்டது. அமெரிக்க வானூர்தியியல் ஆலோசனைக் குழுவுக்காக பாயர் என்பவர் இப்பொருள் பற்றி அக்காலத்திலேயே ஆராய்ந்து எழுதினார். எனினும் மாங்கனீசு உலோகத்தின் 'தன்மையை உயர்த்துகிறது' என்ற அளவிலேயே விளக்கம் நின்றது.

1942-இல் டௌ வேதி நிறுவனத்தைச் சார்ந்த அனவால்டு, நெல்சன், பெலூபே ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இக்குழப்பத்தைத் தீர்த்தது. அவர்கள் தொடங்கிய இடமே வேறு. இருக்கும் கலவையில் எதைச் சேர்க்கலாம் என வினவாமல், மிகத் தூய மெக்னீசியத்தை எடுத்து, தனிமங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 3 விழுக்காட்டு உப்புநீரில் மாறிமாறி அமிழ்த்தி எடுத்து அளந்தனர். அலுமினியம், மாங்கனீசு, சோடியம், சிலிக்கன், வெள்ளீயம், காரீயம் ஆகியவை சில விழுக்காடு வரை சேர்ந்தும் பெருங்கேடு விளையவில்லை. துத்தநாகம், கால்சியம், வெள்ளி முதலியன இடைநிலை. இரும்பு, நிக்கல், செம்பு, கோபால்ட்டு ஆகியவற்றின் போக்கு முற்றிலும் வேறாக இருந்தது. ஓர் எல்லை வரை அவை தம்மை வெளிக்காட்டுவதில்லை. எல்லையைத் தாண்டியவுடன் அரிமானம் பன்மடங்கு பெருகிவிடுகிறது. இரும்புக்கு அவ்வெல்லை பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 170 பங்கு; நிக்கலுக்கு வெறும் 5; செம்புக்கு 1000.

மாங்கனீசின் பணியும் இப்போது தெளிவாயிற்று. உருகிய கலவையில் மாங்கனீசு, அலுமினியம், இரும்பு மூன்றும் கூடிக் கனத்த துகள்களாகி மூசையின் அடியில் கசடாகத் தங்குகின்றன. அடியில் இறங்காமல் எஞ்சும் இரும்பும் மாங்கனீசு சூழ்ந்த துகளாக மாறித் தன் கொடுமையை இழக்கிறது. மாங்கனீசு மெக்னீசியத்துக்குக் கவசம் தரவில்லை. அதன் பகையைக் கட்டிப்போட்டது. கலப்பு என்ற பெயரில் நிகழ்ந்தது விலக்கல்.

அறிந்தும் நாற்பது ஆண்டுகள்

இவ்வளவு தெளிவான முடிவு வெளிவந்த பின்னும் தொழிலுலகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனை முழுமையாகப் பின்பற்றவில்லை. இது ஆராயத்தக்கது. போர்க்காலத்தில் அளவே முதன்மையாக இருந்தது, தூய்மை அன்று. போருக்குப்பின் மெக்னீசியத்தின் பெரும் நுகர்வாளராக விளங்கியது ஃபோக்ஸ்வாகன் நிறுவனம். வண்டு வடிவ மகிழுந்து ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 கிலோ மெக்னீசியம் இருந்தது. 1971-இல் அந்நிறுவனம் ஆண்டுக்கு 42,000 டன் வரை பயன்படுத்தியது. அவ்வுதிரிகள் வண்டியின் உட்புறத்தில், எண்ணெய்ப் பசையோடு இயங்கியவை. உப்புநீர் நேரே படும் இடத்தில் மெக்னீசியத்தை வைக்கலாகாது என்ற நடைமுறை விதியே அரிமானத் தடுப்பாகக் கொள்ளப்பட்டது.

1980-களில் நிலை மாறியது. 9 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட ஏஇசட்-91 கலவையில் 'டி' என்னும் தூய வகைக்கு இரும்பு 0.005, நிக்கல் 0.002, செம்பு 0.030 விழுக்காடு எனத் தரவரம்புகள் விதிக்கப்பட்டன. 1985-இல் ரைச்செக், கிளார்க்கு, இல்லிசு ஆகியோர் இரும்பின் தனியளவைவிட இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதமே முடிவு செய்வது எனக் காட்டினர். இக்கலவைக்கு அவ்விகிதம் 0.032-ஐத் தாண்டலாகாது. இவ்வரம்புக்குள் வார்த்த மெக்னீசியம் உப்புநீர்த் தெளிப்புச் சோதனையில் வார்ப்பு அலுமினியக் கலவைகளுக்கு இணையாகவும், சிலவற்றை விஞ்சியும் நின்றது. பெயரில் ஏஇசட்-91 மாறவில்லை. கலவையின் முதன்மைக் கூறுகளும் மாறவில்லை. மாறியது பத்தாயிரத்தில் சில பங்கு.

மற்றொரு வழி சிர்க்கோனியம். 1937-இல் சவர்வால்டு இதன் ஆற்றலைக் கண்டார். ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த சிர்க்கோனியம் மெக்னீசியத்தின் படிகமணிகளை நுண்ணியதாக்குகிறது. அதனோடு உருகிய நிலையில் இரும்பைப் பற்றி அடியில் இறக்கவும் செய்கிறது. ஆனால் அலுமினியமும் மாங்கனீசும் இருப்பின் சிர்க்கோனியம் அவற்றோடு கூடித் தானும் அடியில் இறங்கிவிடும். எனவே மெக்னீசியக் கலவைகள் அன்று தொட்டு அலுமினியக் குடும்பம், சிர்க்கோனியக் குடும்பம் என இரண்டாகப் பிரிந்தன. இட்ரியம் 4 விழுக்காடும் அருமண் தனிமங்கள் 3 விழுக்காடும் கொண்ட டபிள்யூஇ-43 பின்னதைச் சார்ந்தது. அங்கும் அரிமானக் குறைவுக்கு இட்ரியத்தையே பாராட்டும் நூல்கள் சிர்க்கோனியம் நீக்கிய இரும்பைப் பெரிதும் பேசுவதில்லை.

பொன்னாணி

பொன் பூசினால் காக்கும் என்பது சரிகை கற்பிக்கும் பாடம். அதே பாடம் மெக்னீசியத்தில் எதிர்மறையாகும் என்பதற்கு அறுவை மருத்துவ வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1907-ஐ ஒட்டிய காலத்தில் பெல்சிய மருத்துவர் லம்போட்டு, முறிந்த காலெலும்பை மெக்னீசியத் தகட்டால் இணைத்து, பொன்முலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்தினார். எலும்பு கூடியபின் தகடு தானே கரைந்துவிடும், மீண்டும் அறுக்க வேண்டா என்பது நோக்கம். எட்டே நாளில் தகடு சிதைந்தது. தோலின் அடியில் வாயு திரண்டது. பொன்னும் எஃகும் எதிர்மின்வாயாக, உடல்நீர் உப்புநீராக, தகடு மின்கலத்தின் அழியும் முனையாயிற்று. சரிகையில் பொன்னின் அடியிலிருப்பது வெள்ளி. அது தானே எளிதில் வினைபுரியாத உலோகம். மெக்னீசியத்தின்மேல் முலாமில் ஓர் ஊசித்துளை இருப்பினும் அரிமானம் முழுவதும் அத்துளையில் குவியும்.

லம்போட்டின் எண்ணம் நூறாண்டு கழித்து மீண்டும் எழுந்தது. இட்ரியம், அருமண், சிர்க்கோனியம் கலந்த மெக்னீசியத்தாலான எலும்புத் திருகாணிக்கு 2013-இலும், கரையும் இரத்தக்குழாய்த் தாங்கிக்கு 2016-இலும் ஐரோப்பிய ஒப்புதல் கிடைத்தது. அலுமினியம் நரம்புகளுக்குக் கேடு செய்யக்கூடும் என்ற ஐயத்தால் கால்சியம், துத்தநாகம் முதலிய, உடல் ஏற்கும் தனிமங்களே இத்துறையில் நாடப்படுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஏஇசட்-31 கலவையில் உராய்வுக் கலக்கல் முறையால் எலும்புக் கனிமமான ஹைட்ராக்சி அபடைட்டின் நுண்துகள்களைப் புகுத்தி ஆராய்ந்தது இவ்வகையில் தமிழகத்தின் பங்களிப்பு. இத்துறையில் அரிமானம் முற்றும் நீங்க வேண்டுவதில்லை. எலும்பு கூடும் காலத்தோடு அது ஒத்துநடக்க வேண்டும்.

காரைக்குடி

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 சூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 சனவரி 14-இல் இராதாகிருட்டிணனால் திறந்துவைக்கப்பட்டது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். உருகிய குளோரைடிலிருந்து மெக்னீசியம் எடுக்கும் மின்கலங்களும், உலோக அரிமானமும் அங்கே நெடுங்காலம் ஆராயப்பட்டன. கடற்காற்றும் உப்பும் மிகுந்த மண்டபத்தில் அந்நிறுவனம் நடத்திய சோதனைக்களம், இந்தியாவில் உலோகங்களைக் கடுமையாகத் தாக்கும் இடங்களுள் ஒன்றாகப் பதிவாகியுள்ளது.

காரைக்குடி ஆய்வுகள் மெக்னீசிய வரலாற்றுக்குச் சேர்த்தது ஒரு நுட்பமான கேள்வி. விமானத்துக்கும் மகிழுந்துக்கும் மெக்னீசியம் கரையாதிருக்க வேண்டும். உலர்மின்கலத்துக்கோ அது கரைந்தே மின்சாரம் தர வேண்டும். ஆனால் கேட்கும்போது மட்டும். பெட்டியில் உறங்கும் காலத்தில் தானே கரைந்து ஹைட்ரஜனை வெளியிட்டால் மின்கலம் வீங்கிப் பயனற்றுப் போகும். 1990-களில் அந்நிறுவனத்தார் தூய மெக்னீசியத்தையும், ஏஇசட்-31, ஏஇசட்-61 கலவைகளையும் மெக்னீசியப் பெர்குளோரேட்டுக் கரைசலில் வைத்து மின்வேதி முறைகளால் அளந்து எழுதியவை இவ்வினாவைப் பற்றியன.

நிலத்தடிக் குழாய்களைக் காக்கப் புதைக்கப்படும் தியாக நேர்மின்வாய்க்கும் இது பொருந்தும். குழாயின் எஃகுக்காகத் தான் அழியும் மெக்னீசியம் கிலோவுக்கு ஏறத்தாழ 2200 ஆம்பியர்-மணி தரவல்லது. நடைமுறையில் அதில் பாதியளவே குழாய்க்குச் சேர்கிறது. மீதி, உலோகத்தின் உள்ளேயே உண்டாகும் சிறு மின்கலங்களில் வீணாகிறது. அழிவதற்கென்றே செய்த உலோகத்திலும் இரும்பை விலக்கி, மாங்கனீசைச் சேர்க்க வேண்டியிருப்பது இதனாலேயே.

அண்மைப் போக்குகள்

2013-இல் ஆத்திரேலியாவின் மொனாசு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிர்பிலிசு முதலியோர் மெக்னீசியத்தில் சிறிதளவு ஆர்செனிக்கைக் கலந்தனர். ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து வாயுவாவதை ஆர்செனிக் தடுக்கிறது; எதிர்மின்வாய் வினை தளர்ந்தால் கரைதலும் தளர்கிறது. நஞ்சை நஞ்சால் அடக்கும் சித்த மருத்துவ வழக்கை நினைவூட்டும் இம்முயற்சி, சமையலறைப் பொருளுக்கும் எலும்புத் தகட்டுக்கும் ஆகாது என்பது வெளிப்படை. 2015-இல் அதே நாட்டு ஆய்வாளர்கள் லித்தியம் மிகுந்த கலவை ஒன்று காற்றிலிருந்து கரியமில வாயுவை ஈர்த்துக் கார்பனேட்டுப் படலத்தால் தன்னை மூடுவதைக் கண்டனர். எவர்சில்வருக்குக் குரோமியம் செய்ததை மெக்னீசியத்துக்குச் செய்யும் தனிமம் உண்டா என்ற பழைய வினாவுக்கு இதுவரை கிடைத்த விடைகளுள் நெருங்கியது இது. கேடு நீக்கும் சேர்க்கைகளே மெக்னீசியத்தைக் காத்தன என்னும் இக்கட்டுரையின் கருத்துக்கு லித்தியம் ஓர் உண்மையான விதிவிலக்கு. அதன் விலையும் வினைத்திறனும் அதனை இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே நிறுத்தியுள்ளன.

நடைமுறையில் இன்றைய சிக்கல் மறுவார்ப்பில் உள்ளது. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய மெக்னீசியத்தோடு எஃகுத் திருகாணிகளும், நிக்கல் பூசிய உறுப்புகளும், செம்புக் கம்பித் துண்டுகளும் சேர்ந்தே உலைக்கு வருகின்றன. இரும்பை மாங்கனீசு கொண்டு இறக்கலாம். நிக்கலுக்கு அத்தகைய எளிய துணை இல்லை. பத்து இலட்சத்தில் 5 பங்கு என்ற எல்லையைத் தாண்டிய உலோகத்தைத் தூய உலோகத்தால் நீர்த்துப்போகச் செய்வதே பெரும்பாலும் வழி.

இந்தியா தனக்கு வேண்டிய மெக்னீசிய உலோகத்தில் மிகப் பெரும்பகுதியைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்கிறது. அது வார்ப்பாலைகளில் இன்றும் எஃகு மூசையிலேயே உருகுகிறது. சேலத்து வெள்ளைக்கல்லைப் பயன்படுத்த 1979-இல் தமிழக அரசு தமிழ்நாடு மெக்னசைட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் நோக்கம் உலோகமன்று. குன்றிலிருந்து வெட்டிய கல், 1700 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுடப்பட்டு, எளிதில் உருகாத செங்கல்லாகி, எஃகுலைகளின் உட்சுவரில் இரும்பை ஏந்தி நிற்கிறது.